பஸ் விபத்தில் காயம்பட்டால் இழப்பீடு கேட்பது எப்படி? கேரள எல்லைத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

போடிமெட்டு, குமுளி, கம்பம்மெட்டு, ஆரியங்காவு, வாளையார், களியக்காவிளை. இந்தச் செக்போஸ்டுகளைத் தாண்டித் தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் கல்யாணம் காதுகுத்துக்கும் பஸ் ஏறுகிறோம். வருவது கேரள வண்டியா தமிழ்நாட்டு வண்டியா என்று யாரும் பார்ப்பதில்லை. விபத்து நடந்த பிறகுதான் எல்லை குறுக்கே வந்து நிற்கிறது. அடிபட்டது பூப்பாறையில்; ஆபரேஷன் நடந்தது க.விலக்கு தேனி மெடிக்கலில், எப்.ஐ.ஆர். மலையாளத்தில், ரேஷன் கார்டு போடியில். "இதுக்கு எங்க போய் கேஸ் போடுறது?" என்று நாலு பேரைக் கேட்டுவிட்டு, சரியான பதில் கிடைக்காமல் அப்படியே விட்டுவிட்ட குடும்பங்கள் மலையிலும் அடிவாரத்திலும் நிறைய உண்டு.

விட வேண்டாம். பஸ்ஸில் உட்கார்ந்து வந்த பயணி ஒரு தவறும் செய்யாதவர். அவருக்கு இழப்பீடு கொடுப்பது சட்டப்படியான கடமை. பஸ் முதலாளியோ அரசு பஸ் கார்ப்பரேஷனோ காட்டும் தயவு இல்லை. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதற்கென்றே தனித் தீர்ப்பாயம் வைத்திருக்கிறது. எம்.ஏ.சி.டி. என்று சொல்வார்கள். அங்கே எவ்வளவு கிடைக்கும் என்பதை, முதல் சில வாரங்களில் நீங்கள் சேர்க்கிற காகிதங்களே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகின்றன. ஆகவே கோர்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் நாள், ஆஸ்பத்திரி

உயிர்தான் முதலில். 108-ஐயோ 112-ஐயோ கூப்பிடுங்கள். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி, சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, அதற்கென ஒதுக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் காசு கட்டாமல் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரத்துக்கு இருக்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று அதில் பார்ப்பதில்லை. "எங்களுக்கு இந்த ஊர் கார்டு இல்லையே" என்று தயங்காமல் கவுன்டரில் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

காஷுவால்டி டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு ஒரு ரிஜிஸ்டரில் எழுதுவார். தமிழ்நாட்டில் அதன் நகலை ஏ.ஆர். காப்பி என்கிறோம், கேரளத்தில் வூண்ட் சர்டிபிகேட். உங்கள் வழக்கின் அஸ்திவாரம் அந்த ஒரு பக்கம்தான். என்ன பஸ், எந்த இடம், எத்தனை மணி, பஸ் எதில் மோதியது அல்லது எப்படிக் கவிழ்ந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வலியில் இருப்பவரால் முடியாவிட்டால் கூட வந்தவர் சொல்லட்டும். பயத்திலோ அவசரத்திலோ "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லி, அதுவே பதிவாகிவிட்டால், இரண்டு வருஷம் கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் அந்த வரியைத்தான் முதலில் நீட்டுவார்.

எல்லாக் காயத்தையும் சொல்லுங்கள். கால் எலும்பு உடைந்தவர் அந்த வலியில் முன்பல் ஆடுவதைச் சொல்ல மறந்துவிடுவார். மயக்கம் வந்தது, வாந்தி எடுத்தது, காது அடைப்பது, கண் மங்குவது எதையும் சின்னது என்று விடக் கூடாது. முதல் நாள் பதிவில் இல்லாத காயத்தைப் பிற்பாடு விபத்தோடு சேர்ப்பது பெரிய பாடு.

மலையில் பெரும்பாலும் முதலுதவி ஓரிடம், ஆபரேஷன் வேறிடம். தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து கோட்டயம் மெடிக்கலுக்கோ தேனிக்கோ அனுப்பினால், அனுப்பும் சீட்டை வாங்காமல் வண்டி ஏறாதீர்கள். இரண்டு மாநிலத்து ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் இணைக்கும் கண்ணி அந்தச் சீட்டு. பெயரும் வயதும் இரண்டு இடத்திலும் ஆதாரில் இருக்கிறபடி விழுகிறதா பாருங்கள். இங்கே முன்னெழுத்து, அங்கே வீட்டுப் பெயர், ஓரிடத்தில் மாரியம்மாள், இன்னோரிடத்தில் மாரி என்று நம் பெயர்கள் எல்லை தாண்டும்போது மாறிக்கொண்டே போகும். அன்றைக்கே சொன்னால் நர்ஸ் திருத்திவிடுவார். பிறகு திருத்த வேண்டுமானால் அபிடவிட் போட்டு அலைய வேண்டும்.

இன்னொன்றை மனசு கேட்காமல் சொல்கிறேன். கட்டுப் போட்ட மறுநாளே "எலும்பு வைத்தியரிடம் போகலாம்" என்று பேர் வெட்டிக்கொண்டு போகிறவர்கள் நம்மில் அதிகம். நம்பிக்கை அவரவர் விஷயம். ஆனால் எக்ஸ்ரே இல்லை, டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை, தொடர் சிகிச்சைச் சீட்டு இல்லை என்றால் எலும்பு முறிந்ததையே நிரூபிக்க முடியாது. குறைந்தது எக்ஸ்ரேயும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருக்கட்டும்.

பத்திரப்படுத்த வேண்டியவை

பஸ் டிக்கெட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். மெஷினில் வரும் டிக்கெட்டில் எழுத்து சில மாதத்தில் வெளிறிப் போகும். மருந்துக்கடை பில்லிலும் சிலது அப்படித்தான், அவற்றை ஜெராக்ஸ் எடுங்கள். டிக்கெட் தொலைந்துவிட்டால் வழக்கே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். எப்.ஐ.ஆரிலோ ஆஸ்பத்திரிப் பதிவிலோ நீங்கள் அந்தப் பஸ்ஸில் வந்தது தெரிந்தால் போதும். கூடப் பயணித்தவர் சாட்சி சொல்லலாம். அதற்காகவே பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு பேருடைய போன் நம்பரை வாங்கி வையுங்கள்.

ஜீப், டாக்ஸி வாடகைக்கும் ரசீது கேளுங்கள். மூணாறிலிருந்து கோட்டயத்துக்கு மாதம் ஒரு தடவை செக்கப் போய்வருவது லேசான செலவில்லை. டிரைவர் வெறும் தாளில் தேதி, இடம், தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் ஒன்றுமில்லாததற்கு மேல்தான்.

போலீஸ் ஸ்டேஷன்

விபத்து எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்ததோ அங்கேதான் வழக்கு நடக்கும். ஆனால் புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, எல்லை பார்க்காமல் புகாரைப் பதிவு செய்யச் சொல்கிறது, ஜீரோ எப்.ஐ.ஆர். என்பது இதுதான். தேனி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் "அது கேரளா கேஸ், அங்க போய் குடுங்க" என்று சொன்னால், ஜீரோ எப்.ஐ.ஆர். போட்டு அனுப்பும்படி பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

கேரளப் போலீசார் வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதுவார்கள். பேச்சு புரிகிறது என்பதற்காக எழுத்தை வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதியபின் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். "சாரே, ஒண்ணு வாயிச்சு காட்டணும்" என்று கேட்பதில் தப்பே இல்லை. எந்த வண்டி மேல் தவறு, நீங்கள் உட்கார்ந்திருந்தீர்களா, படியில் நின்றீர்களா, பஸ் நின்றபோது இறங்கினீர்களா, நகர்ந்தபோதா என்ற நான்கையும் கவனித்துக் கேளுங்கள். எப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். கேரளப் போலீஸின் 'துணா' இணையதளத்திலும் எடுக்கலாம்.

ஸ்டேஷன் வாசலிலேயே பஸ் தரப்பு ஆள் வந்து பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்து, "புகார் இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க" என்பது வழக்கம். கையில் காசில்லாத நேரம் அது பெரிதாகத்தான் தெரியும். அந்தக் கையெழுத்து பிறகு உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும். எழுதிக் கொடுக்க வேண்டாம்.

அடுத்த மாதங்களில் ஸ்டேஷனிலிருந்து வர வேண்டியவை: விபத்து இடத்தைப் பார்த்துப் போலீசார் எழுதும் மகஜர், பஸ்ஸைச் சோதித்த மோட்டார் வாகன இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட், டிரைவர் லைசென்ஸ், ஆர்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் நகல்கள், கடைசியில் குற்றப்பத்திரிகை. 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, போலீசார் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவம் ஒன்றையும் உங்களிடம் கொடுக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. போலீஸ் அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனாலும் அதை நம்பி உட்கார வேண்டாம்; சொந்த மனுவைப் போட்டுவிடுங்கள்.

குற்றப்பத்திரிகை எந்த டிரைவர் மேல் விழுகிறது என்பது முக்கியம். இரண்டு வண்டி மோதிய விபத்தில், பஸ் தரப்பு லாரியைக் கை காட்டும், லாரி தரப்பு பஸ்ஸைக் காட்டும். பயணிக்கு இந்தச் சண்டையில் கவலையில்லை. இரண்டு டிரைவர் மேலும் தவறு இருந்தால், முழுத் தொகையையும் எந்த ஒருவரிடமிருந்தும் வசூலிக்கலாம். அவர்கள் பங்கை அவர்கள் பிரித்துக்கொள்ளட்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மனுவில் இரண்டு வண்டிக்காரர்களையும் சேர்த்தால் பாதுகாப்பு. டிரைவர் கிரிமினல் கேஸில் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு சாகாது. இங்கே கேட்கப்படும் நிரூபணத்தின் அளவு குறைவு.

படிக்கட்டில் தொங்கியதும் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டியதும் உண்மையென்றால் தொகையில் ஒரு பங்கு குறையலாம். பொய் சொல்லாமல் வக்கீலிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் உள்ளே போக இடமே இல்லை என்றால் அதுவும் சொல்ல வேண்டிய உண்மைதான்.

ஆறு மாதம்

2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடக்கும் விபத்துகளுக்கு, 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. இந்தக் காலக்கெடுவை எதிர்த்த வழக்கில், தாமதம் என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஆறு மாதம் கடந்துவிட்டவர்கள் மனம் விட்டுவிட வேண்டாம். உடனே வக்கீலைப் பாருங்கள். கடக்காதவர்கள் அந்த உத்தரவை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். வட்டியும் மனு போட்ட நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். சிகிச்சை முடியவில்லை, பில்கள் இன்னும் வருகின்றன என்பதெல்லாம் காத்திருக்கக் காரணமில்லை. மனு போட்ட பிறகும் பில் சேர்க்கலாம்.

எந்த ஊரில் போடுவது?

எல்லையில் இருப்பவர்களுக்குச் சட்டம் செய்திருக்கும் பெரிய உபகாரம் இதில்தான். விபத்து நடந்த இடத்தின் தீர்ப்பாயம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் தீர்ப்பாயம், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தின் தீர்ப்பாயம் என்று மூன்றில் எதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பூப்பாறையில் அடிபட்ட போடிக்காரர் தேனியில் போடலாம். கம்பத்துக்குப் போகும் வழியில் தமிழ்நாட்டுப் பக்கம் அடிபட்ட வண்டிப்பெரியாறு தோட்டக்காரர் தொடுபுழாவில் போடலாம். கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் பாலக்காடு, செங்கோட்டையிலிருந்து வேலைக்குப் போய்வருகிறவருக்குத் தென்காசி என்று அமையும். பாறசாலை, புனலூர் பக்கத்தவர்களுக்கு நெய்யாற்றின்கரையிலும் புனலூரிலும் தீர்ப்பாயம் இருக்கிறது. கேரளத்தில் வழக்குக்கு ஓ.பி.(எம்.வி.) என்று நம்பர் விழும், தமிழ்நாட்டில் எம்.சி.ஓ.பி.

எதைத் தேர்ந்தெடுப்பது? தூரத்தை மட்டும் பார்க்காமல், ஆபரேஷன் செய்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்று முதலில் பாருங்கள் என்பேன். பெரிய காயமென்றால் அவரோ அவர் பதிவேடோ கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும். மதுரை டாக்டரைத் தொடுபுழாவுக்கு வரவழைப்பது சிரமம். அடுத்தது மொழி. தேனியில் போட்டால் மலையாள எப்.ஐ.ஆர்., மகஜர், குற்றப்பத்திரிகை எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். அதற்குச் செலவும் நாளும் ஆகும். கேரளத்தில் போட்டால் போலீஸ் காகிதம் அப்படியே செல்லும், ஆனால் வக்கீலோடு நீங்கள் பேசிப் புரிந்துகொள்ள வேண்டும். மூணாறு லயத்தில் குடியிருந்துகொண்டு ரேஷன் கார்டைத் தென்காசிப் பக்கத்துச் சொந்த ஊரில் வைத்திருப்பவர்கள், எங்கே உண்மையில் குடியிருக்கிறீர்களோ அதற்கான சான்று, அதாவது எஸ்டேட் மேனேஜர் கடிதம், பஞ்சாயத்துச் சான்று, பிள்ளைகளின் ஸ்கூல் சர்டிபிகேட் போன்றவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு விபத்துக்கு ஓரிடத்தில்தான் மனு. இரண்டு பக்கமும் போட்டால் வில்லங்கம்.

யார் மேல்?

தனியார் பஸ் என்றால் டிரைவர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரும் எதிர்மனுதாரர்கள். பஸ் நம்பரை 'எம்-பரிவாஹன்' செயலியில் போட்டால் எந்தக் கம்பெனியின் பாலிசி, எதுவரை என்று தெரியும். அரசு பஸ் என்றால் கார்ப்பரேஷன்தான் முக்கியமான எதிர்மனுதாரர். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு, தனி நிதி வைத்துக்கொண்டால் இன்சூரன்ஸ் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. அதனால் "இன்சூரன்ஸ் இல்லை" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். கழகமே கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் கழகம் ஒன்றல்ல. மதுரை, கோவை, திருநெல்வேலி என்று தனித்தனி. பஸ் பக்கவாட்டில் எழுதியிருப்பதையும் ஆர்.சி.யையும் பார்த்துச் சரியான கோட்டத்தின் மேலாண்மை இயக்குநரைச் சேர்க்க வேண்டும்.

எவ்வளவு கேட்கலாம்?

"கால் முறிஞ்சா எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பார்கள். எலும்புக்கு இவ்வளவு என்று ரேட் கிடையாது. மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்தான சாப்பாடு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, படுத்திருந்த மாதங்களின் கூலி, இனி வரப்போகும் சிகிச்சை (உள்ளே வைத்த பிளேட்டை எடுக்கும் ஆபரேஷன் போல), நிரந்தரக் குறையால் குறையும் வருமானம், வலி வேதனை, முன்போல் வாழ முடியாமல் போனது எல்லாம் தனித்தனித் தலைப்புகள். மனுவில் ஒன்றையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

இதில் பெரிய தொகை வருவது நிரந்தரக் குறையில்தான். நம் ஜனங்கள் அதிகம் இழப்பதும் அதில்தான். டாக்டர் "15 சதவீத ஊனம்" என்று சர்டிபிகேட் தருவார். அது உடம்பின் கணக்கு. தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது, அந்தக் குறையால் இந்த மனிதரின் சம்பாத்தியம் எவ்வளவு குறைந்தது என்பதை. 2010-ல் உச்ச நீதிமன்றம் இதை உதாரணத்தோடு சொன்னது: இடது கை போன ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ இழப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதம், அதே கை போன குமாஸ்தாவுக்கு அவ்வளவு இல்லை.

கொழுந்து கிள்ளும் அம்மாவை எண்ணிப் பாருங்கள். வலது மணிக்கட்டு சரியாக மடங்கவில்லை. ஆபீஸில் உட்காருகிறவருக்கு அது ஒரு தொந்தரவு. இவருக்கோ கூடை நிறையாது. சரிவில் பிடிமானம் இல்லாமல் ஏற முடியாது. எண்ணில் போட்டுக் காட்டுகிறேன். வயது 42, மாத வருமானம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். 2017-ல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பின்படி, சொந்தமாக உழைத்தோ நிலையான சம்பளத்திலோ சம்பாதிக்கிறவருக்கு 40 முதல் 50 வயதுக்குள் எதிர்கால உயர்வாக 25 சதவீதம் கூட்ட வேண்டும். அப்போது 15,000. வருஷத்துக்கு 1,80,000. சர்லா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் 41 முதல் 45 வயதுக்குப் பெருக்கும் எண் 14. மொத்தம் 25,20,000. இதில் 15 சதவீதம் என்றால் 3,78,000. வேலையில் அவருக்கு உண்மையான இழப்பு 40 சதவீதம் என்று நிரூபித்தால் 10,08,000. காயம் ஒன்றுதான், ஆறு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

எனவே வக்கீலிடம் "எனக்கு என்ன வேலை, அதை எப்படிச் செய்வேன், இப்போது எதைச் செய்ய முடியவில்லை" என்று விவரமாகச் சொல்லுங்கள். சாட்சிக்கூண்டிலும் அதையே சொல்லுங்கள். விபத்துக்கு முன்னும் பின்னும் நீங்கள் எடுத்த கிலோ கணக்கு எஸ்டேட் பதிவில் இருக்கும். லேசான வேலைக்கு மாற்றியிருந்தால் அந்த உத்தரவு இருக்கும். அவை சர்டிபிகேட்டின் சதவீதத்தைவிடப் பலமாகப் பேசும். ஊனச் சர்டிபிகேட்டை அவசரப்பட்டு வாங்காமல், எலும்பு கூடி, பயிற்சி முடிந்து, இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்ன பிறகு வாங்குங்கள். தீர்ப்பாயமே மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினால் பழைய எக்ஸ்ரே முழுவதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வருமானத்துக்குச் சான்று? எஸ்டேட்காரர்களுக்குச் சம்பளச் சீட்டும் பி.எப். நம்பரும் உண்டு. ஏலத்தோட்டத்தில் நாள் கூலிக்கு மலை ஏறுகிறவர்களுக்கு ஒன்றும் இருக்காது. அதனால் வருமானம் இல்லையென்று ஆகிவிடாது. விபத்து நடந்த வருஷத்தை வைத்து ஒரு கூலித் தொழிலாளி எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று தீர்ப்பாயம் மதிப்பிடும். தோட்ட முதலாளியின் கடிதம், சங்க அட்டை, கூலி வந்த பாங்கு பாஸ்புக், ஜிபே வரவு எதுவானாலும் மதிப்பை உயர்த்தும். வீட்டோடு இருக்கும் பெண்களின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது. "நான் வேலைக்குப் போகலையே" என்று எந்த அம்மாவும் பின்வாங்க வேண்டாம்.

வேலைக்குப் போகிற வழியில், முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் அடிபட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொழிலாளர் இழப்பீடாகவும் கேட்க இடமிருந்தால், இரண்டில் ஒன்றில்தான் கேட்கலாம். எது லாபம் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தவறு நிரூபிக்காமலே கிடைக்கும் தொகை

சட்டத்தின் 164-ம் பிரிவில், யார் தவறு என்று பார்க்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம் என்று இருக்கிறது. எலும்பு முறிவும் பல் உடைவதும் கொடுங்காயம்தான். இன்சூரன்ஸ் அதிகாரி இதைச் சீக்கிரமே முடித்துத் தர முன்வரலாம். ஆனால் ஏற்றுக்கொண்டால் பெரிய தொகைக்கான, இதுவரை நாம் பேசிய 166-ம் பிரிவு மனு அதோடு முடிந்துபோகும். நன்றாகக் கூடிவிடும் சாதாரண முறிவு என்றால் வாங்கிக்கொள்ளலாம். இடுப்பு, முதுகெலும்பு, தலை, கையோ காலோ இழந்தவர்கள் யோசிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி கடைசிவரை தெரியாவிட்டால் தனித் திட்டம் உண்டு: கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம்.

வக்கீலும் ஏஜென்ட்டும்

ஆஸ்பத்திரி வார்டுக்கே தேடிவந்து "நான் பார்த்துக்கிறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வெற்று வக்காலத்து, வெற்றுத்தாள், வெற்று செக் எதிலும் கையெழுத்து வேண்டாம். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேரம் பேசுவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. பீஸ் எவ்வளவு என்று முதலிலேயே பேசுங்கள். அசல் காகிதங்களைக் கொடுக்கும்போது பட்டியல் போட்டு ஒப்புகை வாங்குங்கள். ஒரு செட் நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

பீஸ் கொடுக்க வழியில்லை என்றால் 15100-க்கு போன் செய்யுங்கள், அல்லது தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு நேரில் போங்கள். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை, சித்தூர் போன்ற தமிழர் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம். 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் கொடுத்த உரிமை அது.

வழக்கு நடக்கும்போது

நோட்டீஸ் போவது, எதிர்மனு வருவது, வாய்தா மேல் வாய்தா என்று மாதங்கள் ஓடும். உங்களைக் கூப்பிடும் நாள்கள் சிலதான், அவற்றைத் தவறவிடாதீர்கள். நடுவில் லோக் அதாலத்துக்கு அழைப்பு வரலாம். அங்கே பேசி முடித்தால் பணம் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அதன்மேல் அப்பீல் கிடையாது. போவதற்கு முன், மேலே போட்ட கணக்கை உங்கள் வயது, வருமானம், குறைக்குப் போட்டு, இதற்குக் கீழே இறங்குவதில்லை என்று ஒரு தொகையை வக்கீலோடு முடிவு செய்துகொள்ளுங்கள். மேஜைக்கு எதிரே இருப்பவர் தினமும் பேரம் பேசிப் பழகியவர். குடும்பத்தில் கணக்குத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

தொகை குறைவென்று பட்டால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்யலாம். கேரளத் தீர்ப்பென்றால் எறணாகுளம், தேனி, தென்காசித் தீர்ப்பென்றால் மதுரைக் கிளை. தகராறிலுள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அப்பீல் இல்லை. எதிர்த்தரப்பு அப்பீல் போனாலும், தீர்ப்புத் தொகையில் பாதியையோ 25,000-ஐயோ, எது குறைவோ அதைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

கட்டாமல் இழுத்தடித்தால் தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். கலெக்டருக்குச் சான்று அனுப்பி நிலவரிப் பாக்கி போல வசூலிக்கச் சட்டத்தில் வழி உண்டு. பஸ் ஸ்டாண்டில் அரசு பஸ்ஸை அமீனா ஜப்தி செய்த செய்திகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அவற்றின் பின்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் இப்படி விடாமல் மனு போட்ட சாதாரண ஜனங்கள்தான். பணம் உங்கள் பெயரிலுள்ள பாங்குக் கணக்குக்கே வர வேண்டும். கணக்கிலும் ஆதாரிலும் தீர்ப்பிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். சிறுவர்களின் பங்கு 18 வயது வரை டெபாசிட்டில் இருக்கும். அவர்களின் சிகிச்சைக்கோ படிப்புக்கோ நடுவில் பணம் தேவைப்பட்டால், பில்லையோ பீஸ் ரசீதையோ இணைத்து அதே தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால் ஒரு பகுதியை எடுக்க அனுமதி கேட்கலாம்.